வெப்பூரா, வேப்பூரா?
அயலான் வாழ்வும் இரட்டைக் கொம்பும் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வு பிறந்த கதை

மே மாதம், மதியம் இரண்டு மணி. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் வேப்பூர் கூட்டுரோட்டில் பேருந்து நின்றது. தூக்கம் கலைந்த இவ்வாய்வாளரின் கண்ணில் முதலில் பட்டது ஒரு கடைப் பலகை. எழுதிப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். முதல் எழுத்தின் கொம்பில் மேல்சுழி மட்டும் உரிந்து போயிருந்தது. பலகை சொன்னது: ‘வெப்பூர்’. இறங்கியதும் செருப்பைத் தாண்டி உள்ளங்கால் சுட்டது. எழுத்துச் சான்றும் தோல் சான்றும் ஒரே இடத்தில் ஒத்துப்போவது ஆய்வுலகில் அரிது. அந்த நொடியில் இக்கட்டுரை பிறந்தது.

வேம்பும் ஊரும் சேர்ந்தால் வேப்பூர். வெப்பும் ஊரும் சேர்ந்தால் வெப்பூர். வெப்பு என்றால் சூடு, காய்ச்சல். வேம்பு அதற்கு மருந்து. ஆக நோய்க்கும் மருந்துக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு சுழி. அந்தச் சுழியைப் போட்டவர் இத்தாலியிலிருந்து வந்து, இதே விருத்தாசலம் வட்டாரத்தில் குடியிருந்த ஓர் அயலான் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். அயலான் ஒரு சிற்றூரில் அன்றாடம் எப்படிப் பிழைக்கிறான் என்று பார்க்காமல் இதை நிறுவ முடியாது.

2. அயலானின் மூன்று கவலைகள்

எந்த ஊரில் குடியேறினாலும் அயலானுக்குக் கவலை மூன்று: சோறு, பணம், முகவரி. தென் இத்தாலியின் சிற்றூரில் வீடு பிடித்துத் தங்கும் வெள்ளைக்காரருக்கும் இவைதான். மதியம் கடையெல்லாம் சாத்திவிட்டு ஊரே படுத்துவிடும், சோறு கிடைக்காது. தெருவில் நடந்தால் திண்ணைக் கிழவி, நீ யாரைச் சேர்ந்தவன் என்று கேட்பாள். நம் பக்கத்தில் ‘யாரு வூட்டுப் புள்ள?’ என்று கேட்பதற்கு இம்மி பிசகாத கேள்வி அது. பாஸ்போர்ட்டைக் காட்டினாலும் கிழவி ஒப்புக்கொள்ள மாட்டாள். அப்பன் பெயர் வேண்டும்.

விருத்தாசலமோ இந்த மூன்று கவலைகளுக்கும் பழங்காலத்திலேயே தீர்வு கண்ட ஊர்.

முதலில் சோறு. திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் குரு நமசிவாயர் என்ற துறவி இங்கே தங்கினார். இரவில் பசி. உள்ளூரில் தெரிந்த வீடு கிடையாது. நேரே அம்மனிடமே சோறு கேட்டுப் பாடினார். பாட்டில் அவளைக் கிழத்தி என்றழைத்துவிட்டார். அம்மன் கிழவியாகவே வந்து நின்று, கிழவியால் எப்படியப்பா சோறு சுமந்துவர முடியும் என்று கேட்டாளாம். அவர் பாட்டை மாற்றினார். இளையவளாகச் சோறு கொண்டுவந்தாள். இன்றும் விருத்தாசலம் கோயிலில் விருத்தாம்பிகையும் உண்டு, பாலாம்பிகையும் உண்டு. பசித்த அயலான் ஒரு சொல்லை மாற்றினால் ஊரில் ஒரு சன்னதி கூடிவிடும் என்பது இதன் ஆய்வுப் பயன்.

அடுத்தது பணம். திருமுதுகுன்றத்தில், அதாவது இதே விருத்தாசலத்தில், சுந்தரருக்குக் கிடைத்தது பன்னிரண்டாயிரம் பொன். வீடோ திருவாரூரில். மணிமுத்தாற்றில் போட்டார், திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார். ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்று நாம் இன்று நக்கலாகச் சொல்வது, அன்று ஒழுங்காக வேலை செய்த ஒரு பணப் பரிமாற்ற முறை. குளத்தில் எடுத்தபோது பொன்னின் மாற்று முதலில் குறைந்திருந்தது என்கிறது புராணம். வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பிப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இராது. வழியில் யாரோ பிடித்தம் செய்திருக்கிறார்கள். சுந்தரர் குறைதீர்க்கும் மையத்துக்குப் போன் செய்யவில்லை, பதிகம் பாடினார். மாற்று சரியாயிற்று.

மூன்றாவது, முகவரி. இதுதான் நம் அயலானை மாட்டிவிட்டது.

3. கோணான்குப்பத்து இத்தாலியர்

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680ல் இத்தாலியின் காஸ்திகிலியோனே என்னும் ஊரில் பிறந்தவர். யேசு சபைத் துறவியாகத் தமிழகம் வந்து முப்பதாண்டுக்கும் மேல் இருந்து, 1747ல் மறைந்தார். முதலில் தைரியநாதர் ஆனார். அதில் வடமொழி வாடை அடிக்கிறதென்று வீரமாமுனிவர் ஆனார். புலால் விட்டார், காவி உடுத்தினார். பெயர், உணவு, உடுப்பு மூன்றையும் மாற்றிய பிறகும் ‘யாரு வூட்டுப் புள்ள’ என்ற கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. அதற்கும் அவர் விடை கண்டார். விருத்தாசலத்துக்குப் பக்கத்துக் கோணான்குப்பத்தில் மாதா கோயில் எழுப்பி, மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயர் வைத்தார். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் அம்மனுக்கும் அதே பெயர் உண்டு. மாதாவுக்குச் சேலையும் கட்டினார். ‘அம்மா பேர் என்ன?’ என்று கேட்டால் உள்ளூரிலேயே ஒரு பெயர் சொல்லலாம். அதன்பின் எந்தக் கிழவியும் மேற்கொண்டு துருவ மாட்டாள்.

இதன் மறுபக்கத்தையும் ஒப்பிட வேண்டும். தென் இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில் குடியேறிய ஈழத்தமிழர்கள் பெல்லெகிரினோ மலை ஏறிப் புனித ரோசலியாவைக் கும்பிடுகிறார்கள். இவர்களில் சைவர்களும் உண்டு. அயலூரில் வாடகை வீடு கிடைக்கும் முன் ஒரு தாய் கிடைத்தாக வேண்டும் என்பது இரு திசையிலும் மெய்ப்படுகிறது.

இனி எழுத்து. அக்காலத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவம் ஒன்றுதான். குறிலென்றால் மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம். ஓலையில் எழுதியவர்களோ புள்ளி வைப்பதை அநேகமாக விட்டுவிட்டார்கள். ஒகரம், ஓகாரத்துக்கும் அதே கதி. உள்ளூர்க்காரனுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்துகொண்டு ‘வெப்பூர்’ என்று எழுதியிருந்தாலும் அவன் வேப்பூர் என்றே வாசிப்பான். வாசிப்பு அவனுக்குக் கண்ணில் இல்லை, ஊரில் இருந்தது. ஊரைத் தெரியாமல் எழுத்தை மட்டும் நம்பி வந்தவன் அயலான். அவனுக்குத்தான் இடறும்.

இப்போது சான்றுகளை அடுக்குவோம். அவர் நெடுநாள் தங்கிய ஊர் ஏலாக்குறிச்சி, முதலெழுத்து ஏகாரம். கோயில் கட்டிய ஊர் கோணான்குப்பம்; முதலெழுத்தில் ஓகாரம். எழுதிய காப்பியம் தேம்பாவணி, மறுபடி ஏகாரம். ஒரு மனிதரின் இரண்டு முகவரியும் ஒரு புத்தகமும் ஒரே குறையால் தடுமாறுவது தற்செயல் என்று சொல்பவர்களுக்கு ஆய்வு மனப்பான்மை கிடையாது. அவர் குறிலை ஒற்றைக் கொம்போடு விட்டார். நெடிலுக்கு மேல்சுழி போட்டு இரட்டைக் கொம்பாக்கினார். ஏகாரத்துக்குக் காலை இழுத்தார், ஓகாரத்தின் அடியில் சுழித்தார். மூன்று நூற்றாண்டாக நாம் அப்படித்தான் எழுதுகிறோம். தமிழ்ச் சேவை என்று பாடநூல்கள் புகழும் இச்செயல், அடிப்படையில் தபால் ஒழுங்காக வந்து சேர வேண்டும் என்ற குடியேறியின் பதைப்பே என இவ்வாய்வு முதன்முறையாக நிறுவுகிறது.

4. ஆட்சேபங்களும் மறுப்பும்

ஆட்சேபம் ஒன்று: பெஸ்கியின் ஊர் மாந்துவா பக்கம், அது வட இத்தாலி. தென் இத்தாலிச் சிற்றூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மறுப்பு: வட இத்தாலியர் தென் இத்தாலிக்குப் போனாலும் அயலாரே. அதே திசையில் அவர் இன்னும் கொஞ்சம் தூரம் வந்துவிட்டார், அவ்வளவே.

ஆட்சேபம் இரண்டு: கொம்பு வந்தபின் குழப்பம் தீர்ந்ததா? தீரவில்லை. பெரம்பலூர் மாவட்டத்திலும் ஒரு வேப்பூர் உண்டு. அதற்கும் இரட்டைக் கொம்புதான். முகவரியில் மாவட்டத்தையும் சேர்த்து எழுதுக. முனிவரால் இதற்குமேல் முடியாது.

5. கழுதைச் சான்று

அயலான் கண்ணுக்கு மட்டும் படும் பொருள் எழுத்தோடு நிற்பதில்லை. தென் இத்தாலியில், சலேர்னோவுக்குப் பக்கத்தில், கடலோரம் வியெத்ரி என்றொரு பீங்கான் ஊர். விருத்தாசலமும் பீங்கான் ஊர்தான்; அதற்கு இதை அக்கா முறை சொல்லலாம். 1920களிலிருந்து ஜெர்மனி முதலிய நாடுகளிலிருந்து கலைஞர்கள் சிலர் அங்கே குடியேறினார்கள். அந்த ஊர்ப் பீங்கான் வரலாற்றில் ஜெர்மன் காலம் என்றே ஒரு காலம் உண்டு. அவர்களில் ரிச்சர்ட் டோல்கர் என்பவர் வனைந்ததாகச் சொல்லப்படும் சின்னக் கழுதைதான் இன்று வியெத்ரியின் அடையாளம்.

கவனிக்க: மேட்டிலும் படிக்கட்டிலும் கழுதை காலகாலமாகப் பொதி சுமந்துகொண்டுதான் இருந்தது. உள்ளூர்க் குயவர் அதைத் தினமும் பார்த்தார். வழி மறித்தால் அடித்து விரட்டினார். பொம்மை செய்ய அதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். வெப்பூர் என்று எழுதி வேப்பூர் என்று வாசித்த நம்மவரும் அவரும் ஒரே இனம். கழுதையையும் கொம்பையும் கண்டெடுத்தவர்கள் வீட்டுச் சாவி புதிதாய் வாங்கியவர்கள்.

6. கள ஆய்வு

இதிலிருந்து எழும் கேள்வி தவிர்க்க முடியாதது. விருத்தாசலத்தில் எந்தக் கழுதை இன்னும் வனையப்படாமல் இருக்கிறது?

இவ்வாய்வாளர் சென்னைவாசி, கூட்டுரோட்டில் ஒரு பேருந்தைத் தவறவிட்டதால் முக்கால் மணிநேரம் அயலானாக வாழும் தகுதி பெற்றவர். அந்த நேரத்திலேயே விடை தெரிந்துவிட்டது. டீக்கடையில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்று ஆடு, இல்லாவிட்டால் ஆட்டு விலை. வெள்ளிக்கிழமைதோறும் வேப்பூரில் ஆட்டுச் சந்தை. தீபாவளி, பக்ரீத், பொங்கல் நெருங்கினால் வெளி மாவட்ட வியாபாரிகள் வண்டியோடு வந்து இறங்குவார்கள். வியாபாரம் கோடிக்கணக்கில் என்று பேப்பரில் வரும். வியெத்ரிக்குக் கழுதை என்றால் இந்த வட்டாரத்துக்கு ஆடு. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

கருதுகோளைச் சோதிக்க அடுத்த பேருந்தில் விருத்தாசலம் போனேன். பீங்கான் தொழிற்பேட்டையும் அரசுப் பயிற்சி நிலையமும் உள்ள ஊர். கரண்ட்டு பியூஸ் கேரியர் முதல் கொலு பொம்மை வரை களிமண்ணை அச்சில் ஊற்றி, காயவைத்து, சூளையில் சுட்டெடுக்கிறார்கள். ஒரு கடைக்குள் நுழைந்தேன். பிள்ளையார் பல அளவில் இருந்தார். அகல் இருந்தது, யானை இருந்தது, குதிரை இருந்தது. கல்லாவில் இருந்த அம்மாவிடம் கேட்டேன்.

“ஆடு பொம்மை இருக்காம்மா?”

“ஆடா?”

“ஆமாம். வெள்ளாடு.”

அவர் உள்பக்கம் திரும்பி, அச்சு துடைத்துக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்தார். “அண்ணே, இவரு ஆடு கேக்குறாரு.”

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எந்த ஊரு நீங்க?”

சொன்னேன்.

“அதானே பாத்தேன்” என்றார். பிறகு, வழி தெரியாத ஆளுக்கு வழி சொல்லும் கரிசனத்தோடு, “ஆடு வேணும்னா இங்க வந்து என்ன சார் பண்றது? வெள்ளிக்கெழமை விடியறதுக்குள்ள வேப்பூர் போயிருங்க. நேரமானா நல்லதெல்லாம் போயிடும்” என்றார்.

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. ஒரு பிள்ளையார் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.