பொன்னாடைக்கு ஒரு படிவம்

திருக்கோவில் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய மாணவர் சங்கம், தொழிலில் சாதனை படைத்தோரைக் கௌரவிக்கப் போவதாக அறிவித்தது. படிவம் எனக்கும் வந்தது. பெயர், ஏ.எல். எடுத்த வருடம், பதவி, வசிக்கும் நாடு. கடைசியில், கொஞ்சம் பெரிய கட்டமாக, 'மண்டபக் கூரைக்குத் தர விரும்பும் தொகை'.

சும்மா இருக்கமாட்டாமல், காரைதீவு விபுலாநந்த அடிகளுக்காக அதை நிரப்பிப் பார்த்தேன். 1892இல் பிறந்தவர், கல்முனையில் படித்தவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அதே கதிரை. 1947இல் யாழ் நூல். பதவிக் கட்டம் நிரம்பி வழிந்தது. தொகைக் கட்டத்தில் துறவி என்னத்தைப் போடுவார்? அடிகள் முதல் சுற்றிலேயே அடிபட்டுப் போனார்.

விழாவுக்குப் போனேன். மூன்று டொக்டர், இரண்டு இன்ஜினியர், கனடாவிலிருந்து ஒரு கணக்காளர். பொன்னாடை ஒன்று குறைந்துவிட்டது. செயலாளர் பதறவில்லை. முதல் டொக்டர் கழற்றி மடியில் வைத்திருந்ததை மெல்ல இழுத்தெடுத்து, விலைத்துண்டு உள்ளே போகும்படி மடித்து, கணக்காளருக்குப் போர்த்தினார். கைதட்டலுக்கு மட்டும் குறைவில்லை.

வாசலில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவன் என் வகுப்புத் தோழன், கரைவலை இழுக்கிறவன்.

"நீயும் பழைய மாணவன்தானேடா, உனக்குப் படிவம் வரல்லையா?"

"வந்திச்சு. எந்த நாடு எண்டு கேட்டிருந்தானுகள். திருக்கோவில் எண்டு போட்டன். கதிரை அடுக்க வரச்சொல்லிட்டானுகள்."