டேடோனா சார்

அதிகாலை ஐந்து மணிக்கு எலியட்ஸ் கடற்கரையில் ஓடக் கிளம்பும் கும்பலில் அவரை யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. காதைக் கொடுத்தால் போதும். எந்தப் பக்கத்திலிருந்து எஃகுச் சங்கிலி கலகலக்கிறதோ, அந்தப் பக்கம் டேடோனா சார் வருகிறார் என்று அர்த்தம்.

ஷூவும் பனியனும் நம்முடையதைப் போலத்தான். இடது மணிக்கட்டில் மட்டும் ஒரு காரின் விலையில் ரோலக்ஸ் டேடோனா. இருட்டு விலகும் வரை அதன்மேல் துண்டுத்துணிப் பட்டை ஒன்றை இழுத்து மூடியிருப்பார். பைக்கில் வருகிற எவனாவது பறித்துக்கொண்டு போய்விடுவானோ என்ற பயம். வெளிச்சம் வந்ததும் பட்டை முழங்கைக்கு ஏறிவிடும். கலங்கரை விளக்கத்திலிருந்து உழைப்பாளர் சிலைப் பக்கம் போகும்போது கடல் வலது புறம்; திரும்பும்போது இடது புறம். அப்போது உதயசூரியன் நேராக டயலில் வந்து விழும். திரும்பும்போது அவர் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்வதற்கு எதிர்காற்று காரணமில்லை.

“ஓடும்போது எதுக்கு சார் இது?” என்று புதிதாகச் சேர்ந்த பையன் யாராவது கேட்டுவிட்டால் தொலைந்தான். சார் 1927-க்குப் போய்விடுவார். மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி ரோலக்ஸைக் கட்டிக்கொண்டு இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார், கடிகாரத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை என்பார். அந்த அம்மா கால்வாயைக் கடந்தது நிஜம், அந்த வருஷம் அக்டோபர் 7-ஆம் தேதி. அன்றைக்கு அவரிடம் ரோலக்ஸ் இல்லை. ஊர் நம்பவில்லை என்று இரண்டு வாரம் கழித்து மறுபடி குதித்தபோதுதான் கழுத்தில் ரோலக்ஸ் தொங்கியது. அன்றைக்கு அவரால் கடக்க முடியவில்லை. குளிரில் விறைத்துப்போனவரைத் தண்ணீரிலிருந்து தூக்கினார்கள். கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சாரிடம் இதைச் சொல்லிப் பார்த்தாயிற்று. “அதைத்தான் நானும் சொல்றேன்” என்கிறார்.

அது எடுபடாவிட்டால் 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ். ஜமைக்காவின் யோகன் பிளேக், ரிச்சர்ட் மில் கடிகாரத்தோடு 100 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கவில்லையா? வாங்கினார். ஓடியது 9.75 விநாடி. நாம் அரை மாரத்தான் ஓடி முடிப்பதற்குள் அவர் வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டிருப்பார்.

டேடோனாவில் ஓட்ட நேரத்தை அளக்கும் வசதி இருப்பதும் உண்மைதான். அதற்கு முதலில் பக்கத்துப் பொத்தானைத் திருகித் தளர்த்த வேண்டும். தண்ணீர் புகாமலிருக்க அதைத் திருகாணி போல இறுக்கி வைத்திருப்பார்கள். மற்ற எல்லோரும் எங்கள் கடிகாரத்தை ஒரு தட்டு தட்டிவிட்டுக் கிளம்புவோம். சார் அரை இருட்டில், வியர்த்த விரலால் திருகிக்கொண்டிருப்பார். அவர் ஓட்டம் எப்போதும் நாற்பது விநாடி தாமதமாகத்தான் தொடங்கும். கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தில் 400 தொடங்கி 60 வரை எண்கள் வேறு. கார் பந்தயக்காரர்களுக்காக ஏற்பட்ட வேக அளவுகோல் அது. ஒரு கிலோமீட்டரை எத்தனை விநாடியில் கடந்தோம் என்று முள்ளைப் பார்த்தால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லிவிடும். ஒரே நிபந்தனை, அந்தக் கிலோமீட்டரை ஒரு நிமிஷத்துக்குள் கடந்தாக வேண்டும். 1,000 மீட்டரில் உலக சாதனையே, கென்யாவின் நோவா நெகெனி 1999-இல் ஓடிய 2 நிமிஷம் 11.96 விநாடி. சாருக்கு ஏழு நிமிஷம் ஆகிறது.

இதெல்லாம் எனக்குப் பிரச்சினையே இல்லை. அவர் காசு, அவர் கை. என் வயிற்றெரிச்சல் வேறு. அந்தக் கடிகாரம் மணி சொல்லும். மணியை மட்டும்தான் சொல்லும். பாக்கி எல்லாவற்றையும், பேஸ், அதாவது கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம் என்பது உட்பட, என் கையிலிருக்கும் ஸ்மார்ட் கடிகாரத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

“தம்பி, பேஸ் என்ன காட்டுது?”

“6:50 சார்.”

“இருக்காதே. 6:30 இருக்கணுமே.”

“6:50-தான் காட்டுது சார்.”

“எங்க செஞ்சது?”

“சைனா.”

“அதானே பார்த்தேன்.”

திரு.வி.க. பாலம் ஏறும்போது, “எத்தனை கிலோமீட்டர் ஆச்சு?” பாலம் இறங்கும்போது, “இப்போ?” சாந்தோம் தேவாலயத்தைத் தாண்டியதும், “இன்னும் எவ்வளவு இருக்கு?” சின்னப் பிள்ளையை ரயிலில் கூட்டிக்கொண்டு போகிறவனுக்குத்தான் என் கஷ்டம் புரியும். மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறவன் வாயைத் திறந்து தசமப் புள்ளியோடு எண் சொல்வது சாதாரண வேலையில்லை. சொல்லாமல் வேகமாக ஓடித் தப்பிக்கலாம் என்றால் அவரும் வேகமாக வருகிறார். மெதுவாகப் போனால், “என்னாச்சு தம்பி, பேஸ் விழுந்துடுச்சா? எவ்வளவு?”

ஒருநாள் லைட் ஹவுஸ் பக்கத்தில், “என் ஹார்ட் ரேட் இப்போ எவ்வளவு இருக்கும்?” என்றார்.

“சார், இது என் கையில இருக்கு.”

“ரெண்டு பேரும் ஒண்ணாத்தானேப்பா ஓடுறோம்?”

152 என்றேன். திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்.

இத்தனைக்கும் நம் கடிகாரத்தின் மீது அவருக்கு மரியாதை கிடையாது. “உன்னுதுக்கு சார்ஜர் வேணும். இது கை ஆடினாலே தானா சாவி ஏறிக்கும். கழற்றி வெச்சாலும் 72 மணி நேரம் ஓடும்” என்பார். அப்படித்தான் ஒருநாள் எனக்குச் சார்ஜ் தீர்ந்து, பட்டினப்பாக்கம் பக்கத்தில் என் கடிகாரம் கண்ணை மூடியது. எனக்கு ஒன்றுமில்லை, ஓடிக்கொண்டே இருந்தேன். சார் நின்றுவிட்டார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “இப்ப எப்படித் தம்பி தெரியும்?” என்று கேட்ட குரலில் இருந்த தவிப்பு! அவர் மணிக்கட்டில் டேடோனா ஒரு விநாடிகூடப் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டம் முடிந்து காபிக் கடைக்கு வந்தாலும் விடுதலை இல்லை. “மொத்தம் எவ்வளவு?” “15.8 சார்.” “பதினாறுன்னு வெச்சுக்கலாம்.” வைத்துக்கொண்டாயிற்று. பிறகு என் போனிலிருந்து அந்த வரைபடத்தை அவருக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பக்கத்தில், காபி டம்ளரைப் பிடித்த தன் இடது கைப் படத்தை ஒட்டிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். வரைபடம் என்னுடையது, வேகம் என்னுடையது, எரிந்த கலோரி என்னுடையது. கை மட்டும் அவருடையது. அமெரிக்காவில் இருக்கும் மகன் கட்டைவிரல் காட்டிவிட்டு, “சூப்பர்ப்பா, ஹார்ட் ரேட் நல்லா இம்ப்ரூவ் ஆகியிருக்கு” என்று எழுதியிருந்ததை எனக்கே காட்டினார்.

அவரிடம் ஒரு நல்ல விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். நாமெல்லாம் மணிக்கட்டைப் பார்த்தபடியே ஓடுகிற ஜாதி. சிக்னலில் நிற்கும்போது மறக்காமல் கடிகாரத்தை நிறுத்துவோம். 9.96 கிலோமீட்டரில் வீட்டு வாசல் வந்துவிட்டால், பத்தாக்குவதற்காகத் தெருவில் முன்னும் பின்னும் ஓடி நாயிடம் குரைப்பு வாங்குவோம். சார் அந்த அல்லாட்டமே இல்லாதவர். கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே கடலைப் பார்ப்பார், கட்டுமரங்கள் கரையேறுவதைப் பார்ப்பார், நடைப்பயிற்சிக்கு வந்த பழைய ஆபீஸ் நண்பருக்கு வணக்கம் வைப்பார். வெயில் ஏறிக் கை வீங்கும்போது ஓரமாக நின்று, கொக்கியைத் திறந்து சங்கிலியை ஒரு கண்ணி தளர்த்திக்கொள்வார். அப்போது மணிக்கட்டில் கண்ணிகளின் அச்சு வரிவரியாகச் சிவந்திருக்கும். உப்புப் பூத்த அந்தக் கையைப் பார்த்தால் எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கிவிடும். பெட்டகத்தில் பூட்டி வைக்காமல் வியர்வையில் நனைய விடுகிறாரே, அந்த மட்டுக்கும் மனிதர் நிஜமான ஆள்தான்.

ஆனால் போன வாரம் காபிக் கடையில் அவர் சொன்னதுதான் என்னை எழுத வைத்தது. மாதாந்திரப் பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டர், ஓடும்போது துடிப்பு எவ்வளவு வருகிறது என்று கேட்டாராம். சார் பெருமையாகப் போனை நீட்டியிருக்கிறார். அதிலிருந்த எண்களெல்லாம் நான் அனுப்பியவை. டாக்டர் பார்த்துவிட்டு, “உங்க வயசுக்கு அபாரம், மாத்திரையைக் குறைக்கலாமான்னு யோசிக்கிறேன்” என்றாராம். சார் சிரித்தார். மேஜையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு நாற்பத்திரண்டு வயது. அவருக்கு அறுபத்தாறு. இரண்டு பேரும் ஒன்றாக ஓடினால் இரண்டு இதயமும் ஒன்றாகிவிடாது.

சார், டேடோனாவைக் கழற்றச் சொல்லவில்லை. அது இருக்கட்டும், வெயிலில் மின்னட்டும், புதுப் பையன்களுக்கு 1927-இன் கதையைச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் வலது கை சும்மாதானே இருக்கிறது? இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்குத் துடிப்பு காட்டுகிற கடிகாரம் கிடைக்கிறது. ஒன்று வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். வாங்கிய கையோடு டாக்டருக்கு ஒரு போன் போட்டு, அந்த எண்கள் பக்கத்தில் ஓடுகிற தம்பியுடையவை என்று சொல்லிவிடுங்கள். அதுவரை மாத்திரையைக் குறைக்காதீர்கள்.