விளக்கு ஏற்றுங்கள், ஆறு தெரியாமல் இருக்கட்டும்

ஹோய் ஆன் போய்வந்த பினாங்குக்காரர்களை உடனே கண்டுபிடித்துவிடலாம். தே தாரேக் ஆறுவதற்குள் கைப்பேசியை எடுத்து நீட்டுவார்கள். தூ போன் ஆற்றில் வரிசையாகப் படகு. ஒவ்வொன்றிலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டுத்துணி விளக்கு. விளிம்பில் குனிந்து, மெழுகுவத்தி வைத்த காகிதக் கூட்டைத் தண்ணீரில் விடும் மனைவி. பின்னால் துடுப்புப் போடும் கிழவியின் தலை பாதி படத்துக்கு வெளியே. காட்டி முடித்ததும் ஒரு பெருமூச்சு வரும். "அவனும் யுனெஸ்கோ, நாமளும் யுனெஸ்கோ. நம்ம ஜார்ஜ்டவுன்ல மட்டும் ஏன் ஒரு விளக்குப் படகு இல்ல?"

மாமாக் கடையில் இதைக் கேட்பவர் கேட்டுவிட்டுப் போய்விடுவார். இதையே ஒரு டத்தோ கேட்டுவிட்டால் அதற்குத் திட்டம் என்று பெயர். ஆலோசகர் வருவார், வழவழப்பான அறிக்கை வரும், அட்டையில் ஓர் ஓவியம் வரும். அந்த ஓவியத்தில் ஆறு நீலமாக ஓடும், கரையில் நடப்பவர்கள் எல்லோரும் ஒல்லியாக இருப்பார்கள். அந்தச் செலவாவது மிச்சமாகட்டும் என்று நானே ஒரு திட்டம் போட்டுவிட்டேன். டத்தோக்கள் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.

சவாரி தண்ணீர்மலையில் தொடங்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அங்கே படகு மிதக்காதுதான். ஆனால் பினாங்குத் தமிழனுக்கு ஆறு பிறக்கும் இடம் அது. தாவரத் தோட்டத்து அருவியிலிருந்து இறங்கும் தண்ணீர், 513 படி ஏறிப் போய்ப் பார்க்கும் முருகனின் மலையடிவாரத்தைச் சுற்றி ஓடுகிறது. ஒரு காலத்தில் துறைமுகத்துக்கு வந்த கப்பல்கள் குடிதண்ணீர் பிடித்துக்கொண்டு போனது இந்த அருவியின் தண்ணீரைத்தான். பிறகு அது ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து வரும் ஆற்றோடு சேர்ந்து சுங்கை பினாங்கு ஆகிறது. வழியில் சாப்பாட்டுக் கடைகளின் எண்ணெய், பட்டறைகளின் கழிவு, சந்தை கழுவிய தண்ணீர், பழைய வீடுகளின் சலதாரை எல்லாம் வந்து இறங்குகின்றன. தைப்பூசத்தன்று அவன் மலையடியில் புறப்பட்ட தண்ணீரைக் கடலோரத்தில் ஒரு செம்பில் மொண்டு காட்டினால் முருகனுக்கே அடையாளம் தெரியாது. நாட்டின் அழுக்கு ஆறுகளைப் பற்றிப் பேச்செடுத்து சுங்கை பினாங்கின் பெயர் வராமல் முடிந்த கூட்டம் எதுவும் இருக்குமா என்பது சந்தேகம்.

இதனால்தான் சவாரி மாலையில் இருக்க வேண்டும். ஏழரை மணிக்கு மேல், கடல் ஏறும் நேரமாகப் பார்த்து. இந்த ஆறு கடலோடு சேர்ந்து ஏறி இறங்குவது. வற்றும் நேரத்தில் கருஞ்சேறும், அதில் பாதி புதைந்த நெகிழிப் பைகளும், யாரோ தூக்கிப்போட்ட மெத்தையும் வெளியே தெரியும். ஏறும்போது எல்லாம் அமுங்கிவிடும். இருட்டிலே நல்ல தண்ணீரும் கறுப்பு, கெட்ட தண்ணீரும் கறுப்பு. அதன்மேல் ஒரு தங்லோங் வெளிச்சம் விழுந்தால் போதும், ஹோய் ஆனும் நாமும் ஒன்று. மூக்குக்குத்தான் விளக்குப் போட முடியாது. அதற்குப் படகில் ஆளுக்கொரு ஊதுவத்தி கொளுத்திக் கொடுத்து, கலாசார அனுபவம் என்று ஐந்து வெள்ளி தனியாக வாங்கிவிடலாம்.

மலாக்காவில் இது நடக்கிறதே என்பார்கள். நடக்கிறது. 2008 ஜூலை 7-ஆம் தேதி ஜார்ஜ்டவுனோடு ஒரே பெயரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர் அது. ராத்திரியில் கம்போங் மோர்டன் வீடுகளையும் பாலங்களையும் வண்ண விளக்கில் குளிப்பாட்டிப் படகு விடுகிறார்கள். எனக்கு அந்த வெளிச்சம் கொஞ்சம் அதிகம், ஆற்றுக்குக் கல்யாணம் நடப்பதுபோல இருக்கும். ஆனாலும் அவர்கள் படகு வாங்குவதற்கு முன் சாக்கடையாய்க் கிடந்த ஆற்றில் இறங்கி வேலை செய்தார்கள். கடல் நீர் ஏறி இறங்கிச் சேறு காட்டாமல் இருக்கத் தடுப்பணை கட்டினார்கள், கரையைத் திருத்தினார்கள். இந்த வேலையில் நாடா வெட்ட எதுவும் இல்லை. ஒரு மந்திரி கத்தரிக்கோலோடு சாக்கடைக் குழாய்முன் நிற்கும் படத்தை எந்தப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் போடாது. நம்மவர்கள் அந்த அத்தியாயத்தைத் தாண்டிக்கொண்டு நேரே விளக்குக்குப் போகப் பார்க்கிறார்கள்.

சரி, படகு நகரட்டும். அடுத்து ஜாலான் பி. ரம்லி. மலாய் சினிமாவின் மகாகலைஞன் 1929-இல் பிறந்த வீடு இங்கே இருக்கிறது. பள்ளமான இடம். மேலே பெருமழையும் கீழே கடலேற்றமும் ஒன்றாக வந்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை, வீட்டுக்குள்தான் வரும். 2017 நவம்பர் 4-ஆம் தேதி ராத்திரி அப்படித்தான் வந்தது. மாநிலம் முழுக்க ஏழு பேர் செத்தார்கள். விடிகாலை மூன்று மணிக்கு முதலமைச்சர் துணைப் பிரதமரைக் கூப்பிட்டு ராணுவம் கேட்டார். சுங்கை பினாங்கு வெள்ளத்தடுப்பு வேலை ஏன் முடியவில்லை என்று கேட்டபோதெல்லாம் மாநிலம் மத்தியைக் காட்டும், மத்தி மாநிலத்தைக் காட்டும். இருவரும் மாறி மாறிக் காட்டிய விரல்களை அடுக்கியிருந்தால் அதிலேயே ஒரு கரை கட்டியிருக்கலாம்.

ஹோய் ஆனிலும் வெள்ளம் உண்டு, ஏறக்குறைய ஆண்டுதோறும். அங்கே பழைய வீட்டுச் சுவர்களில் தண்ணீர் ஏறிய உயரத்தைக் கோடு போட்டு ஆண்டையும் எழுதி வைத்திருக்கிறார்கள். வருகிறவனுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறார்கள். நம்மூரில் வெள்ளம் வடிந்ததும் செய்யும் முதல் வேலை சுவருக்குச் சாயம் அடிப்பது. 2017 வெள்ளத்துக்கு இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் 21-இல், தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத்துக்காக வெட்டிய சரிவு இடிந்து 11 பேர் மண்ணுக்குள் போனார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டுக் கூலிகள். எந்தப் படகின் வழிகாட்டியும் அந்தப் பக்கம் கை நீட்டப்போவதில்லை.

முகத்துவாரம் வந்துவிட்டது. பயணிகள் தயவுசெய்து இடப்பக்கம் மட்டும் பார்க்கவும். வலப்பக்கம் இருப்பது ஜெலுத்தோங் குப்பைமேடு. கடலோரத்திலேயே கொட்டிக் கொட்டி எழுப்பிய மலை. 2020 ஆகஸ்டில் அது தீப்பிடித்து, சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளையே மூட வேண்டியிருந்தது. விளக்குத் திருவிழாவுக்கு இயற்கையாகவே அமைந்த ஒளி. ஏனோ அதைச் சுற்றுலாத் துறை பயன்படுத்திக்கொள்ளவில்லை.

இடப்பக்கம் திரும்பினால் வெல்ட் கீ. கடல்மேல் மரக்கால் நட்டுக் கட்டிய சீனக் குலத்தவரின் ஜெட்டிகள். இவற்றைப் பார்க்கத்தான் பேருந்து பேருந்தாகக் கூட்டம். பட்டியலில் ஏறுவதற்கு இரண்டே ஆண்டு முன்பு, 2006-இல், இந்த வரிசையில் இருந்த கோயே ஜெட்டியையும் பெங் ஆன் ஜெட்டியையும் அடுக்குமாடி கட்டுவதற்காக இடித்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. 2006-இல் இடைஞ்சல், 2008-இல் உலகப் பாரம்பரியம்! இரண்டு ஆண்டு பொறுத்திருந்தால் கோயே வீட்டுக்காரரும் வாசலில் டுரியான் ஐஸ்கிரீம் விற்றிருப்பார். மிஞ்சிய ஜெட்டிக்காரர்கள் இன்றும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில்தான் வாழ்கிறார்கள். நூறு ஆண்டுக்கு மேலாகத் தற்காலிகம்.

படகுக்குத் துடுப்புப் போட ஆள் வேண்டுமே? படத்துக்கு அழகாக, முண்டாசு கட்டிய கிழவராக இருந்தால் நல்லது. அதற்கு லிட்டில் இந்தியாவுக்குள் போய்க் கேட்டிருக்க வேண்டும், கொஞ்சம் முன்கூட்டியே. அங்கே ஒரு தெருவைத் தமிழர்கள் படகுக்காரத் தெரு என்று அழைத்தார்கள். 1786-இல் ஃபிரான்சிஸ் லைட் கொடி நட்ட காலந்தொட்டு நாகூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வந்து, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தோணி தள்ளிய கூட்டம் அது. இந்தத் துறைமுகம் அவர்கள் தோளில் ஏறித்தான் பணக்காரத் துறைமுகம் ஆனது. பிற்பாடு ரஜூலா கப்பலில் வந்து இறங்கியவர்கள் மூட்டை தூக்கினார்கள், கணக்கு எழுதினார்கள், கடை வைத்தார்கள். கடைவீட்டு மாடிகளில் பிள்ளை பெற்றார்கள்.

அந்த மாடிகளில் அவர்கள் இருக்க முடிந்ததற்குக் காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1997-இல் அதை நீக்க முடிவு செய்து, 2000 ஜனவரி 1 முதல் வீட்டுக்காரர் கேட்டதுதான் வாடகை என்றாக்கினார்கள். தையற்காரர் போனார், தங்கவேலைக்காரர் போனார், பத்துப் பேர் சேர்ந்து தங்கிய கிட்டங்கிகள் காலியாயின. பட்டியலில் ஏறிய அடுத்த ஆண்டு பாரம்பரிய வட்டாரத்தில் மிஞ்சியிருந்தது பத்தாயிரம் பேர்தான். அடுத்த நான்கு ஆண்டில் அதிலும் சில நூறு குறைந்தது. காலியான வீடுகளில் கொஞ்ச நாள் கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்த்தார்கள். பிறகு விடுதி வந்தது, பிறகு காப்பிக்கடை வந்தது. 2012-இல் ஆர்மேனியன் தெருச் சுவரில் சைக்கிள் ஓட்டும் இரண்டு பிள்ளைகளை வரைந்தார்கள். படம் எடுக்க இன்றும் வரிசை நிற்கிறது. சைக்கிள் ஓட்ட நிஜப் பிள்ளைகள் இல்லாத தெருவில் சுவரிலாவது இருக்கட்டும் என்று நினைத்தார்கள்போல.

படகு போகாத ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும். புக்கிட் கம்பீரில் கம்போங் புவா பாலா என்று ஒரு தமிழ்க் கம்பம் இருந்தது. பிரவுன் குடும்பத்துப் பழைய தோட்டத்தில் வேலை செய்தவர்களின் வாரிசுகள், தலைமுறை தலைமுறையாக மாடு கட்டிப் பால் கறந்து வாழ்ந்த இடம். தீவுக்கு நடுவே மாட்டுக்கொட்டகையும் ஓடையும் மரமுமாக இருந்ததால் ஒரு தொலைக்காட்சித் தொடரின் பெயரை வைத்து ஹை சப்பரால் என்று அழைத்தார்கள். பழைய மாநில அரசு அந்த நிலத்தை அரசு ஊழியர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்க வழி செய்தது. புதிய அரசு, எங்கள் கையில் எதுவும் இல்லை என்று கையை விரித்தது. கூட்டரசு நீதிமன்றமும் கைவிட்டது. 2009 செப்டம்பரில் இயந்திரங்கள் வந்தன. ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமாகிப் பதினான்கு மாதம்! ஒரு பக்கம் ஜன்னல் கதவின் பழைய பச்சைச் சாயம் எந்தப் பச்சை என்று நிபுணர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் முழுக் கிராமத்தை மாட்டோடும் கோயிலோடும் வழித்தெடுத்தார்கள். இழப்பீடாக மாடிவீடு கொடுத்தோமே என்பார்கள். கொடுத்தார்கள். மாடிவீட்டில் மாடு கட்ட முடியாது என்பதை எந்த ஒப்பந்தத்திலும் எழுதவில்லை.

செங்கல்லுக்குக் கிடைத்த மரியாதை மனுசனுக்குக் கிடைக்கவில்லை என்று நான் சொன்னால் இனவாதம் என்பார்கள். கோயே ஜெட்டிக்காரர்கள் தமிழர்கள் இல்லை. தெற்குக் கடலோரத்தில் வலைபோடும் மலாய்க்காரர்களும் தமிழர்கள் இல்லை. அங்கே கடலில் தீவு கொட்டும் திட்டத்துக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை 2021-இல் மேல்முறையீட்டு வாரியம் ரத்து செய்தது. அதனால் என்ன, மறுபடி விண்ணப்பித்து மறுபடி வாங்கினார்கள். மூன்று தீவு என்றது 2023-இல் ஒன்றாகக் குறைந்தது. ஒன்றே 2,300 ஏக்கர். அதே ஆண்டு மண் கொட்டத் தொடங்கிவிட்டார்கள். தண்ணீரை நம்பிப் பிழைப்பவன் எவனாயிருந்தாலும் இந்தத் தீவில் அவனுக்கு ஒரே நீதிதான்.

விளக்குப் படகு பினாங்குக்குப் புதிதும் இல்லை. மாசிமகத்தன்று தெலுக் பாஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். அம்மன் தெப்பத்தில் ஏறிக் கடலுக்குள் போவாள், கரையில் சனம் விளக்கு ஏற்றித் தண்ணீரில் விடும். யாரும் டிக்கெட் கிழிப்பதில்லை. ஆலோசகர் அறிக்கை எதிலும் இது வராததற்குக் காரணம் அதுதான். பணம் வராத வெளிச்சம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

டத்தோக்களே, விளக்குகளுக்கு விலைப்புள்ளி கேட்பதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அதற்கு முன் ஒரு சவாரி வாருங்கள், நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, கடல் வற்றியிருக்கும் நேரத்தில், ஜாலான் பி. ரம்லி பாலத்திலிருந்து முகத்துவாரம்வரை. படகுக் கூலி நான் தருகிறேன். ஊதுவத்தி தரமாட்டேன். ஆற்றங்கரை அடுக்குமாடியில் இருக்கும் ஒரு குடும்பத்தையும் கூட ஏற்றிக்கொள்ளுங்கள், 2017-இல் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று அவர்கள் கை வைத்துக் காட்டுவார்கள். கரை இறங்கிய பிறகும் தங்லோங் கட்டத்தான் வேண்டும் என்று தோன்றினால் கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் விளக்கை ஜெலுத்தோங் குப்பைமேட்டில் கட்டுங்கள், இரண்டாவதைக் கம்போங் புவா பாலா இருந்த இடத்து அடுக்குமாடி வாசலில் கட்டுங்கள். எதை இருட்டில் விட்டோம் என்று வருகிறவர்கள் நன்றாகப் பார்த்துவிட்டுப் போகட்டும்.