போன வருஷத்து அப்பா

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் அவரிடம் மாட்டாமல் யாரும் தப்பிக்க முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் நடைபாதையில் இருப்பார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் இருப்பார், கோச்சிங் சென்டர் வாசலில் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு நிற்கும் அப்பாக்களின் கூட்டத்தில் நட்டநடுவில் இருப்பார். சட்டைப் பையில் ஒரு பேனா. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் கிடைத்தால் போதும், உங்கள் பிள்ளையின் கட்-ஆஃபைப் போட்டுக் காட்டிவிடுவார். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. இந்தக் கூட்டலைப் பிள்ளை முந்தின நாள் இரவே நாலு முறை போட்டுப் பார்த்தாகிவிட்டது என்று சொன்னாலும் விடமாட்டார்; புள்ளிக்குப் பின்னால் வருவதில்தான் எல்லாம் இருக்கிறது என்பார். அவருடைய தகுதி ஒன்றே ஒன்று: அவர் பிள்ளை சென்ற ஆண்டு கல்லூரியில் சேர்ந்தது. அதனால் அவருக்குப் போன வருஷத்து அப்பா என்று பெயர் வைத்துக்கொள்வோம். “சார், நான் சொல்றேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க” என்று அவர் தொடங்கினால், அடுத்த முக்கால் மணி நேரத்துக்கு நீங்கள் வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது.

அவரைக் கிண்டல் செய்வது சுலபம். ஊரே செய்கிறது, முதலில் செய்வது அவர் பெற்ற பிள்ளை. ஆனால் கிண்டலோடு நிறுத்திக்கொண்டால் நஷ்டம் நமக்கு. அவர் பேச்சைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் அதில் ஒரு விசித்திரமான ஒழுங்கு தெரியும். எதை அவர் குரலை உயர்த்தி, விரலை நீட்டி, நெடுநேரம் சொல்கிறாரோ அது அநேகமாகத் தப்பு. எதை லிஃப்ட் கதவு மூடப்போகிற சமயத்தில், “ஆங், இன்னொண்ணு சார்…” என்று அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போகிறாரோ அது அநேகமாகச் சரி.

முதலில் பெரிய விஷயத்தைப் பார்க்கலாம். எந்தப் பிரிவில் சேர்ப்பது? “கண்ணை மூடிக்கிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் போடுங்க சார். கிடைக்கலேன்னா ஏஐ டேட்டா சயின்ஸ். வேற எதையும் யோசிக்காதீங்க.” இவருக்கு முந்தைய தலைமுறைப் போன வருஷத்து அப்பா இதே உறுதியோடு மெக்கானிக்கல் எவர்கிரீன் என்றார். 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் டாட்காம் கம்பெனிகள் சரிந்தபோது சாஃப்ட்வேருக்கு இங்கே எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. 2008 நெருக்கடியின்போது இன்னொரு முறை இறைத்தார்கள். அதற்குப் பிறகோ எவர்கிரீன் என்று பட்டம் பெற்ற மெக்கானிக்கலும் சிவிலும்தான் பல கல்லூரிகளில் இடம் நிரம்பாமல் கிடந்தன. இவர்கள் முட்டாள்கள் என்பதல்ல விஷயம். பி.இ. என்பது 4 ஆண்டுப் படிப்பு. இன்று சேரும் பிள்ளை வேலை தேடி வரும் சந்தை, இன்று நாம் பேப்பரில் படிக்கும் சந்தை அல்ல. பொருளாதார நிபுணர்களே தடுமாறும் இடத்தில் பந்தியில் பாயசத்துக்கும் மோருக்கும் நடுவே தீர்ப்பு வழங்கப்படுகிறது. அதைவிட வேடிக்கை, தீர்ப்பு சொல்பவருக்கே இன்னும் தீர்ப்பு வரவில்லை. அவர் பிள்ளை இப்போதுதான் முதலாண்டை முடித்திருக்கிறது. முதல் செமஸ்டரில் கணக்குத் தாள் என்னவாயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். “வெயில் இந்த வருஷம் ஜாஸ்தி இல்லே சார்?” என்பார்.

இரண்டாவது பெரிய விஷயம் சாய்ஸ் ஃபில்லிங். பொறியியல் கலந்தாய்வில் மாணவர்கள் தங்களுக்கு வேண்டிய கல்லூரிகளையும் பிரிவுகளையும் விருப்ப வரிசையில் அடுக்கிக் கொடுக்க வேண்டும். இங்கே அவர் தரும் மந்திரம்: “நமக்கு எட்டாத காலேஜை முதல்ல போடாதீங்க, சான்ஸ் வேஸ்ட்டாயிடும்.” கேட்க எவ்வளவு விவேகமாக இருக்கிறது! ஆனால் சுத்தத் தவறு. தரவரிசையில் உங்கள் பிள்ளையின் முறை வரும்போது, கொடுத்த பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் காலியாக உள்ள முதல் விருப்பத்தை ஒதுக்குவார்கள். மேலே எட்டாத பத்தை எழுதினாலும் பதினொன்றாவதுக்கு ஒரு சேதமும் இல்லை. எட்டுமோ எட்டாதோ என்று பயந்து எழுதாமல் விட்டதுதான் கை நழுவிப் போகும். “இருபது போட்டா போதும் சார்” என்கிற அவருடைய அடுத்த மந்திரமோ ஆபத்தானது. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் தரலாம் என்றிருக்கும்போது இருபதோடு நிறுத்தியவர்கள் அந்தச் சுற்றில் வெறுங்கையோடு நிற்பதுண்டு. இந்தத் தவறு அவருக்கு எங்கிருந்து வந்தது? கிண்டியிலிருந்து. முன்பெல்லாம் கலந்தாய்வுக்கு அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் போக வேண்டும். மாவட்டம் மாவட்டமாகக் குடும்பங்கள் ராத்திரி பஸ் ஏறி வந்து, புளியோதரைப் பொட்டலத்தோடு காத்திருந்து, திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று பார்த்து, இருப்பதில் ஒன்றைக் காட்டித் தேர்ந்தெடுத்தார்கள். இல்லாததைக் கேட்பதில் அங்கே அர்த்தமில்லை. 2018இல் எல்லாம் இணையவழிக்குப் போய்விட்டது. அறிவுரை மட்டும் இன்னும் கிண்டி கேட்டிலேயே நின்றுகொண்டிருக்கிறது. பெரியப்பா சித்தப்பாவுக்குச் சொல்லி, சித்தப்பா இவருக்குச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது, பிள்ளையை வளர்த்த விதம். 190 கட்-ஆஃப் எடுத்த பிள்ளையின் வீட்டில் என்னென்ன நடந்ததோ அத்தனையும் அந்த 190க்குக் காரணம் என்று அவர் நம்புகிறார். காலை 4 மணிக்கு எழுப்பினது காரணம். கேபிளைத் துண்டித்தது காரணம். கணக்குப் பரீட்சைக்கு முன் வெண்டைக்காய்ப் பொரியல் காரணம். அதே வெண்டைக்காயை அதே வாரம் தின்று 110 எடுத்த எதிர்வீட்டுப் பையனைப் பற்றி யாரும் அவரிடம் கேட்பதில்லை, அந்த வீட்டு அப்பாவிடம் அறிவுரை கேட்கவும் யாரும் போவதில்லை. ஜெயித்த வீட்டில் மட்டும் கணக்கெடுத்தால் எதுவும் வெற்றிக்குக் காரணமாகத்தான் தெரியும். 4 மணி விஷயத்தில் மருத்துவர்கள் சொல்வது நேர் எதிர்: 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் வரையறுத்தது. அந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்கு நகர்ந்து, தூக்கம் இரவில் தாமதமாகத்தான் வருகிறது. பதினொன்றரைக்குப் படுத்த பிள்ளையை நாலுக்கு எழுப்பி உட்கார வைத்தால் புத்தகம் திறந்திருக்கும், அவ்வளவுதான்.

அனுபவத்தை இப்படி ஒதுக்கலாமா, பிள்ளைக்கு வயது பதினேழுதானே, பெரியவர்கள் சொல்லாமல் யார் சொல்வது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எந்த அனுபவம்? இந்த ஒரு துறையில் விதிகள் மாறும் வேகத்தைப் பாருங்கள். 2006 வரை நுழைவுத் தேர்வின் 100 சேர்த்து மொத்தம் 300க்குக் கட்-ஆஃப்; 2007இல் அது 200 ஆனது. பிளஸ் டூ மொத்தம் 1200 என்றிருந்தது, 2019இல் 600 ஆனது, இன்னமும் “ஆயிரத்து நூறு தாண்டுமா?” என்று கேட்டுப் பிள்ளைகளைத் திகைக்க வைக்கும் மாமாக்கள் உண்டு. பிளஸ் ஒன் பொதுத் தேர்வு 2017-18இல் வந்தது, 2025-26இல் போய்விட்டது. 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத் தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பாதி, பிளஸ் ஒன்னுக்கு 20 சதவீதம், பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 சதவீதம் என்று மதிப்பெண் போட்டார்கள். அந்த ஆண்டின் கட்-ஆஃபை வைத்துக்கொண்டு இன்றைய பிள்ளைக்கு எந்தக் கல்லூரி என்று சொல்வதில் என்ன இருக்கிறது? விதி மாறாத துறையில் பெரியவர் அனுபவம் சொத்து. இங்கே அதற்கு ஆயுள் ஓராண்டு, சில விஷயத்தில் அதுவும் இல்லை.

ஆனால் லிஃப்ட் கதவருகே அவர் விட்டுப்போன அந்த ‘இன்னொண்ணு’ இருக்கிறதே, அதன் கதை வேறு. “ஆதார்ல இனிஷியல் முன்னாடி இருக்கா, பின்னாடி இருக்கானு பாத்துக்குங்க சார்.” பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயரே குடும்பப் பெயராக நீண்டு மூன்றாவது விதம் என்று இருக்கும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். “காலேஜ் பேரைப் பாக்காதீங்க, கோடு நம்பரைப் பாருங்க.” இதுவும் பொன்னான சொல், ஒரே சாமி, ஒரே அன்னை பெயரில் ஒரு மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி இருக்கிற ஊர் இது. முதல் பட்டதாரிச் சலுகை குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான், ஆகவே அண்ணன் ஏற்கெனவே வாங்கியிருக்கிறானா என்று பார்க்க வேண்டும். கல்லூரியில் அசல் டி.சி.யைக் கொடுப்பதற்கு முன் ஐந்து செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். நீட் எழுதப் போகும் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் மட்டும் போதாது, போஸ்ட்கார்டு சைஸும் வேண்டும். ஷூ கூடாது, செருப்புதான். இவை எதிலும் தொலைநோக்கு இல்லை, தத்துவமும் இல்லை. எல்லாம் அவர் இடித்துக்கொண்ட இடங்கள்.

இதெல்லாம் அரசு இணையதளத்திலேயே இருக்கிறதே, இதற்கு ஓர் ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் இணையதளத்தைப் படித்தவர்கள். இ-சேவை மையத்தில் நின்றவர்கள் அல்லர். கல்விக் கடன் 7.5 லட்சம் வரை ஈட்டுச் சொத்து கேட்க மாட்டார்கள் என்பது திட்டத்தில் இருக்கிறது. மேனேஜர் டிரான்ஸ்ஃபரில் போய்விட்டார், புதியவர் வரட்டும் என்பது திட்டத்தில் இல்லை. வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்று தளம் சொல்லும். முடிவு வந்த வாரத்தில் ஊரே விண்ணப்பிக்கும், சர்வர் படுத்துவிடும், ஏப்ரலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள் என்று அவர்தான் சொல்வார். விதிக்கும் வாசலுக்கும் நடுவே உள்ள தூரம் அவருக்கு மட்டுமே தெரியும்.

போன வருஷத்து அம்மாவுக்கு இந்தக் குழப்பமே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பக்கெட்டைப் பற்றிப் பேசுகிறார். “பக்கெட்டும் மக்கும் இங்கேருந்து தூக்கிட்டுப் போகாதீங்கக்கா, அங்கேயே கிடைக்கும். பூட்டு மட்டும் ரெண்டு வாங்குங்க. சாவியில ஒண்ணை ரூம்மேட்கிட்டே குடுத்து வைக்கச் சொல்லுங்க.” பருப்புப் பொடி கண்ணாடி பாட்டிலில் வேண்டாம், எள்ளு மிளகாய்ப் பொடிக்கு எண்ணெயைத் தனியாகக் கொடுத்தனுப்ப வேண்டும், வெள்ளைச் சட்டை விடுதி வாஷிங் மெஷினில் ஒரு மாதம் தாங்காது. ஐந்தே நிமிடம். அத்தனையும் சோதித்துப் பார்த்தது. இவருக்கு ஏன் மேடை கிடைப்பதில்லை என்றால், பக்கெட்டைப் பற்றிப் பேசுபவரை யாரும் விவரமானவர் என்று சொல்வதில்லை. அந்தக் காரணமே கணவரைக் கெடுத்துவைத்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினால் மரியாதை. இனிஷியல் தப்பாகி மூன்று முறை அலைந்ததைச் சொன்னால் கேட்பவர் மனத்தில் இவர் ஒரு படி இறங்கிவிடுவார். எனவே பட்ட கஷ்டத்தை மறைத்து, படாததைப் பற்றிப் பேசுகிறார். அன்பினால்தானே சொல்கிறார் என்று அவருக்காகப் பரிந்து பேசலாம். அன்பும் இருக்கிறது, மறுக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு இதே பேச்சைப் பேசும் கல்வி ஆலோசகரைவிட இவர் எவ்வளவோ மேல். இவர் யாரையும் எந்தக் கல்லூரிக்கும் தள்ளிவிடுவதில்லை, தன் பிள்ளை படிக்கும் கல்லூரியைத் தவிர.

ஆகவே அவரைத் தவிர்க்க வேண்டாம், கேள்வியை மாற்றினால் போதும். “எதுல சேக்கலாம் சார்?” என்று கேட்டால் தொலைந்தீர்கள். “உங்களுக்கு எங்க சார் சிக்கல் வந்துச்சு?” என்று கேளுங்கள். முதலில், சிக்கலா, நமக்கா, எல்லாம் ஸ்மூத்தாகப் போச்சு என்பார். பேசாமல் நின்றால் மெதுவாக வரும்: மாநில அரசின் பி.சி. சான்றிதழ் என்.ஐ.டி.க்குச் செல்லாது என்பது அவருக்குக் கடைசி வாரத்தில்தான் தெரிந்தது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்று ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும். அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இவர் வைத்திருந்தது பிப்ரவரி மாதத்துச் சான்று. அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பேனா அவரிடமே இருக்கும். குறித்து முடிப்பதற்குள், “அது கிடக்கட்டும் சார், ரோபோட்டிக்ஸ்னு ஒண்ணு இப்ப வந்திருக்கு பாருங்க” என்று அவர் தொண்டையைச் செருமுவார். அப்போது கிளம்பிவிடலாம்.