இடது கைக்கும் தெரியட்டும்

நம் கிறிஸ்தவப் பெருமக்களின் கொடைக் குணத்தைக் குறை சொல்லுகிறவர்கள் ஒரு தடவை காரைக்கால் கடற்கரைக்கு வந்து போக வேண்டும். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, கோட்டுச்சேரிமேடு என்று அடுத்தடுத்து இருக்கிற மீனவ ஊர்களில் 2004 டிசம்பர் 26-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஏறி வந்தது. காரைக்கால் பகுதியில் மட்டும் 400-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்; பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000-க்கு மேல். தண்ணீர் வடிந்த கையோடு நம் அன்பு ஏறி வந்தது. கடலாவது அன்றைக்கே திரும்பிப் போய்விட்டது.

முதலில் வந்தது துணி. லாரி லாரியாக வந்தது. இதில் நம்மவர்கள் செய்த தியாகத்தை யாரும் சரியாக எடுத்துச் சொன்னதில்லை. பழைய துணியைத் தெருவில் கூவி வருகிற பாத்திரக்காரரிடம் போட்டிருந்தால் ஒரு எவர்சில்வர் தூக்காவது தேறியிருக்கும். அந்தத் தூக்கைக் கர்த்தருக்காக விட்டுக்கொடுத்தவர்கள் இவர்கள். தேர்ந்தெடுத்ததிலும் எவ்வளவு கவனம்! சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்க முடியாதது, வேலைக்கார அம்மா வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனது, தரை துடைக்கக் கூடத் தண்ணீர் உறிஞ்சாதது என்று மூன்று சல்லடையில் சலித்து எடுத்து மூட்டை கட்டினார்கள். பொத்தான் போன சட்டை, ஜாக்கெட் இல்லாத சேலை, புழுக்கத்தில் வேர்த்து வடிகிற கடற்கரைக்குக் கம்பளி ஸ்வெட்டர். பெண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்து நிற்கிறவன் குளிரில் நடுங்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

அந்த மீனவர்களுக்குத்தான் அருமை தெரியவில்லை. துணிகள் சாலையோரத்தில் குவியல் குவியலாகக் கிடந்து நனைந்தன. மாடு மோந்து பார்த்துவிட்டுப் போனது. டெல்லியிலிருந்து கூஞ்ச் என்ற அமைப்பு வந்து, தமிழ்நாட்டில் தேங்கிக் கிடந்த துணி மலைகளைப் பிரித்து, உருப்படியானதை வேறு பொருளாக மாற்ற வேண்டியதாயிற்று. தர்மத்தை அள்ளிப் போட இன்னொரு தர்மம் தேவைப்பட்டது. இரண்டு பேருக்குப் புண்ணியம்.

துணி போட்டது நாம் மட்டுமா என்று கேட்கலாம். எல்லா மதத்தாரும்தான் போட்டார்கள். சோறு போட்டவர்களும் எல்லா மதத்திலும் இருந்தார்கள்: நாகூர் தர்காவில் இறந்தவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் புதைக்க இடம் கொடுத்தார்கள், பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் ஓடி வந்த மீனவர்களைத் தங்க வைத்துச் சோறாக்கிப் போட்டார்கள், வேளாங்கண்ணியில் யாத்திரைக்கு வந்தவர்களே நூற்றுக்கணக்கில் செத்துக் கிடந்தபோதும் திருத்தலம் பிழைத்தவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்தது. அவரவரைப் பாராட்ட அவரவர் வீட்டில் ஆள் இருக்கிறது. நான் என் வீட்டாரைத்தான் பாராட்ட வந்தேன்.

அடுத்து வந்தது படகு. மீனவன் சொந்தக் காசில் படகு வாங்குவதென்றால் படாத பாடு படுத்துவான். கட்டுகிற ஆள் யார், எந்த ஊரில் கட்டின படகு ஆறு வருஷம் தாங்கியது, அலையில் மூக்கு எப்படி எழும்பும், எத்தனை பேர் தள்ளினால் கரை ஏறும் என்று ஊரையே கேட்பான். இந்தத் தொல்லை எதையும் அவனுக்கு நாம் வைக்கவில்லை. அவனைக் கேட்காமலே வாங்கிக் கொடுத்தோம். ஃபைபர் படகுகள் வரிசையாக வந்து இறங்கின. தரம் போதாத படகுகள் நிறைய வந்தன என்று பிற்பாடு மீன்வளம் தெரிந்தவர்கள் எழுதினார்கள். கடல் கொண்டுபோனதைவிடக் கூடுதலாகப் படகு வந்து சேர்ந்த ஊர்களும் இந்தக் கரையில் உண்டு. மீனை மட்டும் கூட்டிக் கொடுக்க எந்தச் சங்கத்தாலும் முடியவில்லை. போகட்டும், படகின் பக்கவாட்டைப் பார்த்தீர்களா? கொடுத்தவர் பெயர், முத்திரை, ஊர், நாடு எல்லாம் எண்ணெய்ப் பெயின்ட்டில், உப்புத் தண்ணீருக்கும் அழியாதபடி. படகின் தரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெயின்ட்டின் தரத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று மலைப்பிரசங்கத்தில் இருக்கிறதே என்று சிலர் இழுப்பார்கள். அவர்களுக்கு வேதத்தைக் கவனித்து வாசிக்கத் தெரியாது. எக்காளம் ஊதாதே என்றுதான் அங்கே இருக்கிறது. ஃபிளெக்ஸ் வைக்காதே என்று எங்கேயும் இல்லை. தவிரவும், அரிசி மூட்டையை ஒரு விதவையின் கையில் கொடுக்கும்போது நாலு பேர் சேர்ந்து பிடித்தால்தான் படத்தில் எல்லார் முகமும் விழும். பத்துக் கிலோ மூட்டையைப் பன்னிரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் ஒன்றை யாராவது உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். பாரத்தை ஒருவரே சுமக்க விடாத சபை அது. வாங்குகிற அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு படத்தைக் கெடுத்துவிடுவார். “கொஞ்சம் நிமிருங்கம்மா, கேமராவைப் பாருங்க” என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

காரைக்காலைச் சொல்லிவிட்டு அம்மையாரைச் சொல்லாமல் போகக் கூடாது. மதம் வேறானாலும் ஊர் ஒன்றுதானே. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து ஜனங்கள் மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். கதை தெரிந்ததுதான். புருஷன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றை, பசியோடு வந்த சிவனடியாருக்கு, பின்னாளில் அம்மையாரான புனிதவதி சோற்றோடு வைத்துவிட்டார். பாவம், விவரம் போதாத பெண். வீட்டில் அழுகின பழம் ஏதாவது இருக்கிறதா என்று தேடவில்லை. அடியார் உண்மையிலேயே ஏழைதானா என்று பஞ்சாயத்தில் எழுதி வாங்கவில்லை. இலையோரத்தில் “உபயம்: பரமதத்தன் செட்டியார், கடல் வணிகம்” என்று ஒரு சீட்டாவது வைத்திருந்தால் மத்தியானம் சாப்பிட வந்த புருஷனுக்கும் சந்தேகம் வந்திராது, அவரும் மிரண்டு ஊரை விட்டுப் போயிருக்க மாட்டார். கொடுக்கத் தெரியாமல் கொடுத்ததால் வந்த வினை.

நம் ஆலயங்களுக்குள் வந்து பாருங்கள், இந்தத் தவறு எங்கும் நடக்காது. மின்விசிறியின் இறக்கை மூன்று, மூன்றிலும் பெயர். ஸ்விட்சைப் போடும்போதுதான் அந்தப் பெயர்கள் மறையும் என்பதால், சில கொடையாளர்கள் புழுக்கத்திலும் விசிறியைப் போடச் சொல்வதில்லை. பெஞ்சுக்குப் பெயர், பீடத்து விரிப்புக்குப் பெயர், பெயர் எழுதிய கல்லுக்குக் காசு கொடுத்தவரின் பெயர் தனிக் கல்லில்.

பெயர் போடாமலும் கொடுக்கிறார்களே, அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லத்தான் போகிறேன். காணிக்கைப் பை அப்படிப்பட்ட இடம். கையை உள்ளே விட்டு எடுத்தால் என்ன விழுந்தது என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. அங்கேதான் நம் அடக்கம் முழுதாக வெளிப்படுகிறது. மளிகைக் கடைக்காரர் வாங்காத கிழிந்த நோட்டு, பேப்பர் ஒட்டின நோட்டு, மஞ்சளில் நனைந்த நோட்டு எல்லாம் கடைசியில் அடைக்கலம் தேடி வருவது அந்தப் பைக்குத்தான். பத்து ரூபாய் நாணயத்தின் கதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு வடிவத்தில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் விளக்கம் கொடுத்தும், தமிழ்நாட்டில் எத்தனையோ கடைக்காரர்களும் கண்டக்டர்களும் நம்பவில்லை. நம் சபையார் நம்பினார்கள். சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து போட்டார்கள். 2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்த பிறகு, இந்த நாட்டு உண்டியல்களில் திடீரென்று ஆயிரங்கள் விழுந்தன. ஒரே ராத்திரியில் அப்படியோர் எழுப்புதல்! எருசலேம் ஆலயத்தில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையை இன்றைக்கும் புகழ்கிறார்கள். அந்த அம்மாள் போட்டது கடையில் செல்லுகிற காசு. செல்லுகிற காசை யார்தான் போட மாட்டார்கள்?

இன்னும் மேலான விசுவாசிகள் உண்டு. அவர்கள் கொடுப்பதில்லை, விதைக்கிறார்கள். ஆயிரம் விதைத்தால் நூறு மடங்கு அறுவடை என்று தொலைக்காட்சியில் சொன்னதை நம்பி, ஏலச்சீட்டுப் போடுகிற மாதிரி மாதாமாதம் தவறாமல் கட்டுகிறார்கள். வீடு, விசா, மகளுக்கு மாப்பிள்ளை என்று எதற்காகக் கட்டுகிறோம் என்பதையும் கவரிலேயே எழுதிவிடுகிறார்கள். சீட்டு நடத்துகிறவர் ஓடிப்போனால் போலீசுக்குப் போகலாம். இங்கே அந்த வசதியையும் துறந்துவிட்டுக் கொடுக்கிறார்கள். அறுவடை வரவில்லை என்றால் விதைத்தவனின் விசுவாசம் குறைவு. வாங்கினவர் வண்டி மட்டும் மாறியிருக்கும்.

காலம் பார்த்துக் கொடுப்பதிலும் நமக்கு நிகர் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காரைக்கால் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அரசு கொடுக்கிற நிவாரணம் கைக்கு வருவதற்குள் வட்டிக்காரர் வந்துவிடுவார். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வேறு, நோட்டுப் புத்தகச் செலவு. மீன் விற்கிற பெண்கள் ஐஸ் வைத்த வெளியூர் மீனை வாங்கி, லாபம் நிற்குமா என்று யோசித்துக்கொண்டே கூடையைத் தூக்குவார்கள். அந்த இரண்டு மாதம் நம்மவர் யாரும் அங்கே போய் அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை. டிசம்பரில்தான் போவோம், கேக்கோடு. தடைக்காலத்துப் பசியெல்லாம் ஆறின பிறகு கேக் வாங்கிக்கொள்ளுகிறவன்தான் அதை ரசித்துச் சாப்பிடுவான் என்பது நம் அனுபவம்.

இவ்வளவு கொடுக்கிறோம், கணக்கு எங்கே என்று கேட்கிற சில முரடர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். இவர்களுக்காகத்தான் அப்போஸ்தலர் நடபடிகளில் அனனியா, சப்பீராள் கதை எழுதியிருக்கிறது. நிலத்தை விற்றார்கள், ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொண்டு மீதியைக் கொண்டுவந்து இவ்வளவுதான் விலை என்றார்கள், விழுந்து செத்தார்கள். நிலமும் அவர்களுடையது, பணமும் அவர்களுடையது. பாதிதான் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். முழுதும் கொடுத்ததாகச் சொன்னதுதான் பிழையாகப் போனது. அவசரப்பட்டு முதல் நூற்றாண்டில் பிறந்துவிட்ட தம்பதி. இப்போது இருந்திருந்தால் கட்டிட நிதிக் குழுவில் அவர் பொருளாளர், பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அந்த அம்மா செயலாளர். கணக்குக் கேட்டவன்தான் அடுத்த தேர்தலில் விழுந்திருப்பான்.

கிளிஞ்சல்மேடு மாதிரி ஊர்களுக்கு நம்மைப் போன்ற நாகரிகம் இன்னும் வரவில்லை. இந்தக் கரையின் மீனவப் பஞ்சாயத்துகளில் ஊர் வரி என்று ஒன்று உண்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூல். சுனாமி நிவாரணம் வந்தபோதும் பல ஊர்களில் பஞ்சாயத்தார் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துத் தலைக்கட்டுக்குச் சமமாகப் பிரித்தார்கள். சமம் என்றதிலேயே சண்டையும் வந்தது: விதவைகளுக்கு முழுப் பங்கு உண்டா, தலித் குடியிருப்புக்கு என்ன பதில் என்று கேள்விகள் எழுந்தன, சில ஊர்களில் கேள்வியோடே நின்றும் போயின. அதை மறைத்துப் பேசினால் நான் அவர்களைப் பாராட்டியதாக ஆகும். ஆனால் ஊர்க் கூட்டத்தில், கடற்கரை மணலில் உட்கார்ந்துகொண்டு, “எவ்வளவு வந்தது, எங்க போச்சு” என்று லுங்கி கட்டினவன் எழுந்து கத்துவதை நம் ஆலயக் கமிட்டிக் கூட்டத்தில் நினைத்துப் பார்க்க முடியுமா? நமக்கு ஆரம்ப ஜெபம் இருக்கிறது, முடிவு ஜெபம் இருக்கிறது. நடுவில் கணக்கு வந்தால் ஒருமனப்பாடு கெட்டுவிடும்.

காரைக்காலுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் தரங்கம்பாடி. மிஷனரி சீகன்பால்க் 1706-இல் வந்து இறங்கிய இடம். அந்த ஆரம்ப வருஷங்களில் மிஷனுக்காக ஐரோப்பாவிலிருந்து வந்த பணப்பெட்டி கரை சேருமுன் கடலில் விழுந்து தொலைந்தது. நம் காணிக்கையில் எங்கே போயிற்று என்று எல்லாருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்த தொகை அநேகமாக அது ஒன்றுதான். கொடுத்தவர்களுக்கு இங்கே நடப்பது தெரிய வேண்டும் என்று ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் மிஷனரிகளின் கடிதங்களை அச்சடித்து வருஷக் கணக்கில் வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் கொடுக்கிறவர்களுக்குப் பொறுமை இருந்தது, வாசித்தார்கள். நாம் நம்மவர்களை அப்படிச் சிரமப்படுத்துவதில்லை.

கணக்குக் காட்டுகிற இந்தக் கெட்ட வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் பவுல். எருசலேமின் ஏழைகளுக்காகத் தண்டல் செய்த பணத்தை அவர் தனியாகக் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அப்போஸ்தலரை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் தீத்துவை அனுப்பினார், அவரோடு சபைகள் தேர்ந்தெடுத்த ஆளையும் சேர்த்து அனுப்பினார், இவ்வளவு பெரிய தொகையில் யாரும் குற்றம் சொல்ல இடம் வரக் கூடாது, தேவனுக்கு முன் மட்டுமல்ல மனுஷருக்கு முன்னும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று காரணத்தையும் எழுதிவைத்தார். வறுமையில் கிடந்த மக்கெதோனியா சபைகள் தங்கள் திராணிக்கு மேலே கொடுத்ததையும் அதே இடத்தில் சொல்லுகிறார். எல்லாம் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரம். நம் பிரசங்கிகள் ஞானவான்கள். உற்சாகமாய்க் கொடுக்கிறவனைப் பற்றி ஒன்பதாம் அதிகாரத்தில் வருவதைப் பிடித்துக்கொண்டு காணிக்கைப் பையை அனுப்பிவிடுகிறார்கள். எட்டாம் அதிகாரத்தின் பக்கங்கள் அதனால் இன்னும் புத்தம் புதிதாக, ஓரம் மடங்காமல் இருக்கின்றன.