ஒயர் ஒழிப்பு வீரர்

பழைய பொருள் சேர்ப்பவர்களில் பல ரகம் உண்டு. தபால்தலைக்காரர் சாது. நாணயக்காரர் சந்தேகப் பிராணி. கிராமபோன்காரர் வருகிறவர்களுக்குக் காப்பியாவது கொடுப்பார். இவர்கள் யாரோடும் ஒட்டாத ஒரு ரகம், 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர் வைத்திருப்பவர். அதிலும் ஆபத்தான உட்பிரிவு, அந்த புரொஜெக்டருக்கு புளூடூத் வைக்கக் கிளம்பியவர்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மின்வாரியம், டெலிபோன்ஸ், ரயில்வே மூன்றில் ஏதாவது ஒன்றில் ரிடையர் ஆனவர். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். வாரம் ஒரு தடவை சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போகாவிட்டால் கை பரபரக்கும். அங்கே கடைப் பையன்கள் இவர் தலை தெரிந்ததுமே, “நீங்க கேட்ட டின் பிளக் இன்னும் வரல சார்” என்று முந்திக்கொள்வார்கள்.

மெஷின் அவர் கைக்கு வந்த கதை ஆளுக்கு ஆள் மாறும். எப்படிச் சொன்னாலும் கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்து ஏலத்தில்தான் போய் முடியும். பெல் அண்ட் ஹவல் கம்பெனி மெஷின். தனியாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். துணைக்கு ஆள் பிடித்தால் அந்த ஆளுக்கும் பிடித்துக்கொள்ளும்.

“1923ல கோடாக் இந்த ஃபிலிமைக் கொண்டு வந்ததே வீட்ல படம் போடத்தான்” என்று ஆரம்பிப்பார். தியேட்டர் ஃபிலிம் அந்தக் காலத்தில் நைட்ரேட். தீப்பிடித்தால் அணையாது. வீட்டுக்கென்று வந்தது அசிடேட். “சேஃப்டி ஃபிலிம்!” என்று அவர் அழுத்திச் சொல்வது நமக்காக அல்ல, சமையலறையில் இருக்கும் வீட்டு அம்மாளின் காதில் விழுவதற்காக. ஆனால் அசிடேட்டுக்கு வேறொரு வியாதி உண்டு. சூடும் ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் வினிகர் வாடை அடித்துச் சுருங்கிப்போகும். சென்னையில் இந்த இரண்டுக்கும் பஞ்சமே இல்லையாதலால், ரீல் டப்பா ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது. “மாவு கெட்டா மறுபடி அரைச்சுக்கலாம், இது கெட்டா அரைக்க முடியுமா?” என்பது அவர் வாதம். ஒரே ஒரு தடவை டப்பா மாடியில் வைக்கப்பட்டு மாவு உள்ளே வைக்கப்பட்டது. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

புளூடூத் எதற்கு? கேட்டால் காரணம் நியாயமாகத்தான் இருக்கிறது. மெஷின் நமக்குப் பின்னால் நின்று கடகடவென்று கத்துகிறது. ஸ்பீக்கரும் அங்கேயே இருந்தால் வசனத்தை மெஷின் விழுங்கிவிடும். அதனால் அந்தக் காலத்துப் பள்ளிக்கூட ஹாலில் ஸ்பீக்கர் பெட்டியைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, ஹால் நெடுக ஒயர் இழுப்பார்கள். இருட்டில் யாராவது தடுக்கி விழுவார்கள். பெரும்பாலும் ஹெட்மாஸ்டர். “இனிமே யாரும் விழக்கூடாது” என்று சங்கல்பம் செய்துகொண்டவர் நம் வீரர்.

ஸ்பீக்கருக்குப் போகிற சிக்னலை அப்படியே கொடுத்தால் சின்ன டிரான்ஸ்மிட்டர் தாங்காது. ரெசிஸ்டர் போட்டுத் தணித்தார். பாடியது. அப்போதுதான் பெரிய பிரச்சினை எழுந்தது. சாதாரண புளூடூத்தில் சத்தம் போய்ச்சேர வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை தாமதம் ஆகும். வினாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் அது கிட்டத்தட்ட 5 பிரேம். வாய் மூடிய பிறகு பேச்சு வரும். போனும் டிவியும் படத்தையே கொஞ்சம் நிறுத்திவைத்துச் சமாளித்துவிடும். பல் சக்கரத்தில் ஓடுகிற ஃபிலிமிடம் “சற்றுப் பொறு” என்று சொல்ல முடியாது.

வேறு யாராக இருந்தாலும் பழையபடி ஒயரைச் செருகியிருப்பார்கள். இவர் மூன்று நாள் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்துவிட்டுத் துள்ளி எழுந்தார். படச் சன்னலில் ஃபிலிம் நின்று நின்று போகிறது; சவுண்ட் டிரம்மில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க முடியாதென்பதால், 16 மில்லிமீட்டரில் சத்தத்தைப் படத்துக்கு 26 பிரேம் முன்னாலேயே பதித்திருப்பார்கள். நடுவில் தொங்கும் ஃபிலிம் வளையத்தை 5 பிரேம் குறைத்தால், அதாவது ஒன்றரை அங்குலம் இறுக்கினால், சத்தம் 5 பிரேம் முந்திக் கிளம்பும். புளூடூத் அதை 5 பிரேம் பிந்திக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கணக்கு சரியாகிவிட்டது!

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, இரண்டு விரலால் அந்த வளையத்தை ஒவ்வொரு துளையாக அவர் இறுக்கும் அழகைப் பார்க்க வேண்டும். ஒரு துளை அதிகமானால் ‘டக்’கென்று ஃபிலிம் அறும். உடனே ஒட்டுவார். அதற்கென்றே இடது கட்டைவிரலில் எப்போதும் டேப் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும்.

இத்தனைக்கும் அவரிடம் உருப்படியாக இருப்பது ஒரே ஒரு ரீல். ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த நெல் சாகுபடி பற்றிய செய்திப் படம். 400 அடி, 11 நிமிடம். அதில் வயல் வருகிறது, மாடு வருகிறது, பூச்சி வருகிறது. பின்னணியில் ஒருவர் விளக்கம் சொல்லிக்கொண்டே போகிறார். முதலிலிருந்து கடைசி வரை யாருமே வாயைத் திறப்பதில்லை. ஓரிடத்தில் மாடு திறக்கிறது. அதற்கும் சத்தம் பதிவாகவில்லை.

முதல் காட்சிக்கு ஃப்ளாட் முழுவதையும் அழைத்திருந்தார். விளக்கை அணைத்தார். மெஷின் ஓடியது, வயல் அசைந்தது, சத்தத்தை மட்டும் காணோம். மாடி வீட்டிலிருந்து ஒரு அலறல். டிரான்ஸ்மிட்டர் இவருடைய ஸ்பீக்கரை விட்டுவிட்டு, பேரிங்கில் இருந்த மாடி வீட்டு சவுண்ட்பாரைப் போய்க் கட்டிக்கொண்டிருந்தது. அங்கே சீரியலில் மாமியார் விரலை நீட்டி வாயைத் திறக்க, “குருத்துப் பூச்சியை ஆரம்பத்திலேயே ஒழிக்க வேண்டும்” என்று கணீரென்று வந்ததாம். உதட்டசைவு அவ்வளவு பொருத்தமாக இருந்ததாக மாடி வீட்டு அம்மாளே ஒப்புக்கொண்டார்.

இப்போது ஒயர் முற்றிலும் ஒழிந்துவிட்டது என்கிறார். மெஷினுக்கு ஒன்று, டிரான்ஸ்மிட்டர் அடாப்டருக்கு ஒன்று, நடுப்படத்தில் உயிரை விடும் ஸ்பீக்கரின் சார்ஜருக்கு ஒன்று, இந்த மூன்றையும் தாங்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு ஒன்று.

“ஒயரே இல்லேன்னீங்களே, இப்ப நான் தடுக்கினது என்ன?” என்று வீட்டு அம்மாள் கேட்டார்.

“அது கரண்டு ஒயர்மா. நான் ஒழிச்சது சவுண்டு ஒயர்.”

ஒரு காலத்தில் தியேட்டர்களில் மெயின் படத்துக்கு முன்னால் இந்தச் செய்திப் படங்களைக் கட்டாயமாகப் போட்டார்கள். ஊரே அப்போது வெளியே நின்று முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தது. அதே படத்தை, அதே ஜனங்களை, இன்று எழுந்து போகாமல் உட்கார்ந்து பார்க்க வைக்கிறாரே, அரசாங்கத்தால் முடியாத காரியம் அது. பாராட்டத்தான் வேண்டும்.

ஆகவே உங்கள் ஃப்ளாட்டிலும் இப்படி ஒருவர் இருந்து, “பதினோரு நிமிஷம்தான், வாங்க சார்” என்று அழைத்தால் தவறாமல் போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். போவதற்கு முன்னால் உங்கள் போனில் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். “இது யூடியூப்லயே இருக்குமே சார்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் ரீலை மறுபடி முதலிலிருந்து போடுவார்.