அடுப்பில்லாத வெந்நீர்

கேள்வி: ஸ்பிளிட் ஏ.சி. மாட்ட வந்தவர், "வேக்கூம் பம்ப் எல்லாம் எதுக்கு சார்? கொஞ்சம் கேஸை விட்டா காப்பர் பைப்புல இருக்கிற காத்து தானா ஓடிடும்" என்கிறார். நம்பலாமா?
– வாசகர், மதுரை

பதில்: காற்று ஓடும், ஈரம் ஓடாது. வாடகை தராத குடித்தனக்காரர் மாதிரி உள்ளேயே உட்கார்ந்து, ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி, கடைசியில் கம்ப்ரஸரையே அரிக்கும். பம்ப் ஓடும்போது பைப்புக்குள் அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் தண்ணீர் அறைச் சூட்டிலேயே கொதித்து ஆவியாக வெளியேறிவிடும். அடுப்பில்லாத வெந்நீர்! 15, 20 நிமிடம் ஓடட்டும். (அதற்குள் அவருக்கு ஒரு காபி கொடுங்கள், அவசரம் பாதி குறையும்.) பிறகு பம்பை நிறுத்தி மீட்டர் முள்ளைப் பாருங்கள். முள் ஏறினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, அல்லது எங்கோ கசிவு. கசிவென்றால் முதல் சந்தேகம் பைப்பை இணைக்கும் ஃபிளேர் நட் மீதுதான். கேஸ் ஆர்-32 என்றால் அது லேசாகத் தீப்பற்றும் ரகம், வீணாகத் திறந்துவிடும் பொருளல்ல.

அடுத்து, "சின்ன பைப்புக்கு இன்சுலேஷன் வேண்டாம்" என்பார். விடாதீர்கள். வீட்டு ஸ்பிளிட்டில் அதுவும் சில்லென்றுதான் ஓடும். சுற்றாவிட்டால், நீங்கள் வியர்க்காமல் இருக்கப் போட்ட ஏ.சி.க்காகச் சுவர் வியர்க்கும்.